பாக்கெட் எண்ணெய் என்ன பாவம் செய்தது?

“ஏங்க்கா, இன்னுமா இந்தப் பாக்கெட் எண்ணெயில சமைக்கிறீங்க? அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தா அப்புறம் யாரு பாக்குறது?”

சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்த நம்மவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பேசுபவர் டாக்டர் அல்ல, தாதியும் அல்ல. கையில் ஒரு கண்ணாடிப் போத்தலோடு வீடு வீடாக ஏறி இறங்கும் விற்பனையாளர். அந்தப் போத்தலில் இருக்கும் எண்ணெய் கொழுப்பைக் கரைக்குமாம், சீனி வியாதியைப் போக்குமாம், மூட்டு வலியையும் விரட்டுமாம். விலையைக் கேட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். கையில் காசு இல்லையென்றாலும் பரவாயில்லை, தவணையில் கொடுக்கலாம் என்கிறார்.

நம் தாய்மார்களில் சிலர் வாங்கியும் விடுகிறார்கள். வாங்க முடியாதவர்கள் நிலைதான் இன்னும் வேதனை. தாங்கள் ஏதோ பிள்ளைகளுக்கு விஷத்தை ஊற்றிக் கொடுப்பதுபோல மனம் குன்றிப் போகிறார்கள். விருந்தாளி வந்தால் பாக்கெட்டை அடுப்பங்கரை மூலையில் ஒளித்து வைக்கும் வீடுகளும் உண்டு. 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் அந்த ஒரு கிலோ பாக்கெட்டில் உண்மையிலேயே அப்படி என்ன கெடுதல் இருக்கிறது என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது எங்கிருந்து வருகிறது என்று நமக்கு வேறு ஒருவர் வந்து சொல்லித் தரத் தேவையில்லை. அதுதான் செம்பனை எண்ணெய். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மரம் அது. 1848-ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகளை நட்டார்கள். மலாயாவுக்கு வந்த பிறகும் வெகு நாள் அழகுக்காகத்தான் வளர்த்தார்கள். 1917-இல் கோல சிலாங்கூர் பக்கம், பெயரிலேயே தமிழ் மணக்கும் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை வியாபாரப் பயிராக்கினார். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசையும் வாங்கியவர் அவர்.

நம் கெடாவில் பால்மரம்தான் வெகு காலம் ராஜாவாக இருந்தது. ரப்பர் விலை சரியச் சரிய, பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்கள் பெருகின. மங்கு துடைத்த கைகள் உதிரிப் பழம் பொறுக்கப் பழகின. 1981-க்கு முன்னால் செம்பனையின் பெண் பூவில் மகரந்தத் தூளைத் தூவுவதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார்கள். அதிலும் பெண்களே அதிகம். அந்த ஆண்டில் கெமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. தூள் தூவிய பெண்களுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. (வண்டு வந்து வேலையைப் பறித்த கதையை இன்னொரு நாள் விரிவாக எழுதலாம்.) இன்று குலை வெட்டும் அரிவாள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணெயில் நம் அப்பன், ஆத்தாள் வேர்வை கலந்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

வெட்டிய குலை அன்றைக்கே மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கங்காணி ஏன் விரட்டினார்? பழம் அடிபட்ட நேரத்திலிருந்தே அதிலுள்ள எண்ணெய் கெட ஆரம்பித்து, புளிப்புத் தன்மை ஏறிவிடும். அதனால்தான் மில்லில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேக வைக்கிறார்கள். பிழிந்து வரும் எண்ணெய் நல்ல செக்கச் சிவப்பாக, ஒரு மாதிரி வாடையோடு இருக்கும். கேரட்டில் உள்ள அதே சத்துத்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம். சுத்திகரிப்பு ஆலையில் அதன் பசையை நீக்குகிறார்கள். ஒரு வகைக் களிமண் தூளைப் போட்டு நிறத்தை உறிஞ்ச வைக்கிறார்கள். பிறகு காற்றை வெளியேற்றிய கலத்தில் 240 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நீராவியைச் செலுத்தி வாடையை ஓட்டுகிறார்கள். கடைசியில் ஆற வைத்தால் ஒரு பகுதி கட்டியாக உறையும். அது மார்ஜரினுக்கும் சவர்க்காரத்துக்கும் போகிறது. உறையாமல் தெளிந்து நிற்பதைத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் வைத்தாலோ, கேமரன் மலைக்குக் கொண்டுபோனாலோ அது மங்கிக் கட்டி தட்டும். கெட்டுப் போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பழையபடி தெளிந்துவிடும்.

ஆக நிறம், மணம், ருசி மூன்றும் போன பிறகுதான் அது நம் குவாலிக்கு வருகிறது. “மணமும் இல்லை, குணமும் இல்லை” என்று பழிக்கிறவர்கள் இதைத்தான் சொல்லிப் பழிக்கிறார்கள். சமையல் தெரிந்தவர்களைக் கேட்டால், மணம் இல்லாததே அதன் குணம் என்பார்கள்.

ஏன் என்று பாருங்கள். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை இவற்றின் வாசனை தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். தனக்கென்று வாசனை இல்லாத எண்ணெய் அத்தனையையும் வாங்கிக்கொண்டு குழம்புக்குக் கொடுக்கும். மீன் குழம்பில் மீன் மணக்கும், சோம்பு போட்ட கோழிக் கறியில் சோம்பு மணக்கும். மலாய்க்காரர்கள் சம்பல் கிண்டும்போது எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை விடாமல் வதக்குவார்களே, அந்தப் பக்குவத்திற்கும் இதுவே ஏற்றது. ரொட்டி சானாய் மாவுக்கும், பிள்ளைகளுக்குப் போடும் கேக்குக்கும் அப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய், மக்காச்சோள எண்ணெய், சுத்திகரித்த கடலை எண்ணெய் எல்லாமே இந்த மணமில்லாத சாதியைச் சேர்ந்தவை. விலையில்தான் வித்தியாசம்.

பொரிப்பதற்கு வந்தால் செம்பனை எண்ணெய்க்குத் தனி பலம் இருக்கிறது. ஏறக்குறைய 230 டிகிரி வரை அது புகையாமல் தாங்கும். வடைக்கும் முறுக்குக்கும் 170, 180 டிகிரி போதும். சூரியகாந்தி எண்ணெயும் அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் நீண்ட நேரம் பொரிக்கும்போது செம்பனை எண்ணெயைவிடச் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே விலை உயர்ந்த எண்ணெயை வாங்கி அதில் பீசாங் கோரிங் பொரிப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

நல்லெண்ணெய் சங்கதி வேறு. அதை மணத்திற்காகவே வாங்குகிறோம். இட்லிப் பொடிக்கும், ஊறுகாய்க்கும், புளிக்குழம்புக்கும் அதற்கு ஈடு கிடையாது. என் யோசனை இதுதான்: புளிக்குழம்பைப் பாக்கெட் எண்ணெயிலேயே தாளித்து வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை மேலாக விடுங்கள். வீடே மணக்கும். ஒரு சின்னப் போத்தல் ஒரு மாதத்திற்குக் காணும். நல்லெண்ணெயை ஊற்றி முறுக்குச் சுடுவது, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவதற்குச் சமம்.

இனி அந்தப் போத்தல் வியாபாரிகளிடம் வருவோம். “எங்க எண்ணெயில கொலஸ்ட்ரால் கிடையாது” என்று லேபிளைக் காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது! 2 வெள்ளி 50 காசு பாக்கெட்டிலும் கிடையாது. அது மிருகக் கொழுப்பில், நெய்யில், முட்டையின் மஞ்சள் கருவில் இருப்பது. இன்னொரு தந்திரம் அளவில் இருக்கிறது. நம் பாக்கெட் ஒரு கிலோ. பல வெளிநாட்டுப் போத்தல்கள் ஒரு லிட்டர். எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைந்தது. ஒரு லிட்டர் போத்தலில் இருப்பது சுமார் 910 கிராம்தான். விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

அதற்காகச் செம்பனை எண்ணெயில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இரத்தத்தில் கொழுப்பை ஏற்றும் உறைகொழுப்பு நம் பாக்கெட் எண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் பத்துப் பதினொன்று, நல்லெண்ணெயில் பதினைந்து அளவில். தேங்காய் எண்ணெயிலோ தொண்ணூறு! ஏற்கெனவே இருதயக் கோளாறு உள்ளவர்கள், கொழுப்பு அதிகம் என்று டாக்டர் எச்சரித்தவர்கள், தாளிப்புக்கு மட்டுமாவது சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெயை மாற்றிக்கொள்வது நல்லது. சுத்திகரிக்கும்போது ஏற்படும் கடும் சூட்டில் உண்டாகும் சில வேண்டாத பொருள்களைப் பற்றி 2016-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை செய்ததும் உண்மை. அதன் பிறகு அவற்றுக்கு அளவு கட்டி, ஆலைகளும் முறைகளை மாற்றி வருகின்றன.

ஆனால் எண்ணெய்ச் சண்டையில் வியாபாரம் எவ்வளவு, வைத்தியம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சோயா விவசாயிகள் சங்கம் செம்பனை எண்ணெய்க்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தியது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டு மிரட்டியவர்களும் உண்டு. பயந்துபோன பிஸ்கட் கம்பெனிகள் பதிலுக்கு எதைப் போட்டன? வேதியியல் முறையில் கட்டியாக்கிய சோயா எண்ணெயை! அந்தக் கட்டிக் கொழுப்பு அதைவிடக் கெடுதல் என்று பின்னர் தெரிந்து, 2015-இல் அமெரிக்க அரசாங்கமே அதை உணவிலிருந்து நீக்க உத்தரவிட்டது. எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். செம்பனை எண்ணெயை மருந்துபோலப் புகழ்ந்தவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அது மருந்தும் அல்ல, விஷமும் அல்ல. சமையல் எண்ணெய், அவ்வளவுதான். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் மலிவு விலையில் கொடுத்து வரும் ‘பாமாயில்’ என்பதும் இதுவே. அங்கே உள்ள நம் சொந்தக்காரர்களும் இதில்தான் வடை சுடுகிறார்கள்.

உண்மையான கெடுதல் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

ஒன்று, அளவு. எந்த எண்ணெயானாலும், கண்ணாடிப் போத்தலானாலும், ஒரு கிராமுக்கு 9 கலோரி. விலை உயர்ந்த எண்ணெய் என்பதால் தாராளமாக ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குச் சீனி வியாதி என்று தெரிய வந்தது. அதிலும் இந்தியர்களே முன்னணியில். வெயிலில் எட்டு மணி நேரம் குலை சுமந்த உடம்பு எதையும் எரித்துவிடும். இன்று பேக்டரியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனும், லோரி ஓட்டும் மருமகனும் தாத்தா சாப்பிட்ட அதே எண்ணெயைச் சாப்பிட்டால் எங்கே எரிப்பது? ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மாதம் மூன்று பாக்கெட் போதும் என்பது என் கணக்கு. தலைக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பாக்கெட்டைச் சாய்த்து நேராகக் குவாலியில் ஊற்றினால் இந்தக் கணக்கு நிற்காது. ஒரு போத்தலில் மாற்றி வைத்துக்கொண்டு கரண்டியால் எடுத்து ஊற்றுங்கள்.

இரண்டாவது, பழைய எண்ணெய். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயை மூடி வைத்து, அதில் அதிரசம், பிறகு அப்பளம், பிறகு கருவாடு, பிறகு அடுத்த மாதம் வரை தாளிப்பு என்று ஓட்டுகிறோம். “காசு போட்டு வாங்குனத எப்படிக் கொட்டுறது?” என்று கேட்கும் பாட்டியின் நியாயம் எனக்குப் புரிகிறது. பஞ்ச காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஐந்து முறை, பத்து முறை காய்ச்சிய செம்பனை எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் இரத்த அழுத்தம் ஏறியது. இரத்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டன. சோயா எண்ணெயிலும் அதே கதைதான். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை முறை காய்ந்தது என்பதே பெரிய விஷயம்.

எண்ணெயே நமக்குச் சொல்லும். கறுத்துப் போனால், பிசுபிசுப்பு ஏறினால், பலகாரத்தைப் போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால், காய்ந்த கொஞ்ச நேரத்திலேயே புகைந்தால், அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். புது எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி அதைத் தேற்ற முடியாது. புதுசும் சேர்ந்து கெடும். அகலமான பெரிய குவாலியை விட்டுவிட்டு, குழிவான சின்னக் குவாலியில் பாதிப் பாக்கெட்டை மட்டும் ஊற்றிப் பொரியுங்கள். பொரித்த எண்ணெயைத் தூள் இல்லாமல் வடிகட்டி மூடி வைத்தால் இன்னொரு முறை பொரிக்கலாம், அல்லது இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். அதற்கு மேல் வேண்டாம். சாக்கடையிலும் கொட்ட வேண்டாம், உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கெட்ட எண்ணெயை விலைக்கு எடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். டீசல் செய்வதற்காகப் பழைய சமையல் எண்ணெய்க்கு உலகச் சந்தையில் கிராக்கி. அதற்குச் சில காலங்களில் கிலோவுக்கு 2 வெள்ளி 50 காசுக்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். இதில் நமக்கு ஒரு சின்ன வரும்படி உண்டு. பெரிய ஆபத்தும் உண்டு. யோசித்துப் பாருங்கள். கழித்த எண்ணெய்க்கு மானிய விலைப் புது எண்ணெயைவிட அதிக விலை கிடைத்தால், திருட்டு வியாபாரி என்ன செய்வான்? பாக்கெட்டைப் பிரித்துப் புதுசையே பழசு என்று விற்பான்.

இங்கேதான் நம் வீட்டு விவகாரம் நாட்டு விவகாரமாகிறது. சமையல் எண்ணெய் விலையை நிலைப்படுத்தும் திட்டம் 2007-இல் தொடங்கியது. 2016 நவம்பரில் போத்தல் எண்ணெய்க்கான மானியத்தை நிறுத்தினார்கள். விலை ஏறிய காலத்தில் மீண்டும் சில மாதங்கள் கொடுத்ததையும் 2022 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இன்று மானியத்தில் மிஞ்சி நிற்பது ஒரு கிலோ பாக்கெட் மட்டுமே. அதற்கு மாதம் 60,000 டன் ஒதுக்குவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 60,000 டன் என்றால் 6 கோடிப் பாக்கெட். நாட்டின் மக்கள் தொகையோ மூன்றரைக் கோடிக்கும் உள்ளேதான். கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு ஒன்றரைப் பாக்கெட்டுக்கு மேல் வர வேண்டும். ஐந்து பேர் குடும்பத்திற்கு எட்டுப் பாக்கெட்! நான் போதும் என்று சொன்னதே மூன்றுதான்.

அப்படியிருக்க, சம்பள நாளுக்கு மறுநாள் கடைக்குப் போனால் “ஸ்டாக் முடிஞ்சிருச்சி” என்ற பதில் ஏன் வருகிறது? மீதி எங்கே போகிறது? சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகிறது. கழித்த எண்ணெய் வியாபாரத்துக்குப் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் போகிறது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலம் நம்முடையது. புக்கிட் காயு ஈத்தாமைத் தாண்டினால் எண்ணெய்க்கு வேறு விலை. கடத்தலைப் பிடித்த செய்திகளை இதே பத்திரிகையில் நாமே படித்திருக்கிறோம். பாக்கெட் எண்ணெய் வீட்டு உபயோகத்திற்கு மட்டுமே. அதைக் கடைச் சமையலுக்குப் பயன்படுத்துவது 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றமாகும்.

1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவனுக்குத்தான் அந்த மானியம். அவன் வெறுங்கையோடு திரும்பி, இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போத்தல் வாங்கும்போது, அவன் பேரில் எழுதிய மானியத்தை வேறொருவன் விழுங்கிவிட்டான் என்றுதானே பொருள்? பாக்கெட் எண்ணெய் மட்டம் என்று நாமே முகம் சுளித்துக்கொண்டிருந்தால், அது கடையில் இல்லாமல் போவதைக் கேட்க நமக்கு எங்கிருந்து வாய் வரும்?

கேளுங்கள். கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்; அவருக்கும் பல சமயம் மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வருவதில்லை. எந்தக் கடை, எந்த நாள், எத்தனை மணி, என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். வேறு சாமான் வாங்கினால்தான் பாக்கெட் தருவோம் என்றாலோ, 2 வெள்ளி 50 காசுக்கு மேல் ஒரு காசு கேட்டாலோ, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே தாமானில் பத்துக் குடும்பங்கள் ஒரு மாதம் இப்படிக் குறித்தால் போதும். அலோர் ஸ்டாரில் உள்ள உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்திற்கு அதை ஒரு கடிதத்தோடு அனுப்பலாம். மலாயில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு, ஐந்தாம் படிவம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சங்கக் கிளைத் தலைவர்களும் ஆலய நிர்வாகத்தினரும் கடிதத்தில் கூடவே கையெழுத்துப் போடட்டும்.